தொடலாமா என்று கேட்டவர்

எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கிற மனுஷி என்று நான் பார்த்தது ஒருவரைத்தான். ஜன்னலைச் சாத்துவதற்குக் கேட்பார். ஹீட்டரைக் கூட்டுவதற்குக் கேட்பார். தெருவில் போகிற நாயைத் தடவ வேண்டுமென்றால் முதலில் அதைப் பிடித்திருப்பவரைக் கேட்டுவிட்டு, பிறகு குனிந்து நாயையும் ஒரு வார்த்தை கேட்பார். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் மாசி என்கிற புறநகரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த சமூகக் கூடத்தில், செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு யோகா சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்காரம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். ஒல்லித் தேகம், ஒட்ட வெட்டிய நரைமுடி, ஒரு காலில் ஒரு நிறமும் மறு காலில் வேறு நிறமுமாகச் சாக்ஸ். பேர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். திண்டுக்கல்லில் வளர்ந்தவளுக்கு அது வாயில் வரவில்லை. டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் எனக்குள் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

முட்டிவலிதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊரின் மறு கோடியில் இருக்கிற பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடையில் ஒன்பது வருஷம் நின்றே வேலை பார்த்தேன். பிறகு மாசியில் வீடு வாங்கி ஆக்லாந்தின் இந்தக் கோடிக்கு வந்துவிட்டோம். இங்கிருந்து அங்கே பஸ் மாறி மாறிப் போய்வந்ததில் முட்டி போயிற்று, வேலையும் போயிற்று. வீட்டுக்காரர் நகரத்தில் ஐடி வேலை. காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறரைக்கு வருவார், வந்ததும் லேப்டாப்பைத் திறந்துவிடுவார். குறை சொல்லவில்லை, மார்ட்கேஜ் அப்படி. மகள் யுனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் மூன்று பேரோடு பிளாட் எடுத்துத் தங்கிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வருவாள். நடுவில் இருக்கிற நாட்களில் நான் வாய் திறந்து பேசியது பெரும்பாலும் பிரஷர் குக்கரோடுதான்.

"யோகா போய்ப் பாருங்க, உங்க ஊர் சமாச்சாரம்தானே" என்றார் டாக்டர். எங்கள் ஊரில் நான் பார்த்த உடற்பயிற்சி பள்ளிக்கூடத்து டிரில் கிளாஸ் ஒன்றுதான். அதிலும் பாதி நாள் வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன்.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நிறைய வெள்ளைக்காரப் பாட்டிமார், டொங்கா தீவுக்காரம்மா ஒருவர், மூலையில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். என் நெற்றியைப் பார்த்ததும் அண்ணன் பாயைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தார்.

"வாரும் தங்கச்சி. உமக்கு முழங்காலோ? எனக்கு நாரி. இருபத்திரண்டு வருசம் பஸ் ஓட்டினது." கையை இடுப்பில் வைத்துக் காட்டினார்.

"ஊர்லயே யோகா பழக்கமா அண்ணே?"

"எங்கட ஊரில ஆர் யோகா செய்தது? ஓடினதுதான் செய்தனாங்கள்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் நேராக என்னிடம் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். "நான் எதையாவது தப்பாகச் செய்தேனா? தப்பாக இருந்தால் சொல்லுங்கள், தயவுசெய்து" என்றார். எனக்கு முழி பிதுங்கியது. அவர் காட்டிய எல்லாவற்றிலும் எனக்குப் பேர் தெரிந்தது பத்மாசனம் ஒன்றுதான், அதுவும் சாமி படத்தில் பார்த்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். யார் எதை எதிர்பார்த்து முன்னால் நின்றாலும் அதைக் கொடுத்து அனுப்பிவிடுவது என் பிறவிக்குணம். "ரொம்ப நல்லா செஞ்சீங்க. எங்க வீட்ல தினமும் காலைல எல்லாரும் பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் யோகாவுக்குச் சொந்தக்காரி நானாகிவிட்டேன். புது ஆசனம் ஏதாவது சொல்லிக்கொடுத்தால் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். பொய் வெளியே வந்துவிடக் கூடாதே என்று செவ்வாய்க்கு முந்தின நாள் யூட்யூபைத் திறந்து, அமெரிக்காவில் எவளோ ஒரு பெண் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து வீட்டு ஹாலில் பழகுவேன். வெள்ளைக்காரியிடம் படித்ததை வெள்ளைக்காரிக்கு முன்னால் நம் வீட்டுச் சொத்து மாதிரிக் காட்டினேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது சிரிக்கவில்லை, பயத்தில் வியர்த்தது.

அவரிடம் இரண்டு வகைக் குஷன்கள் இருந்தன. உட்கார்வதற்குப் பச்சை, தலைக்கு வைத்துக்கொள்ளப் பூப்போட்ட வெள்ளை. முதல் வாரமே நான் உட்கார்ந்திருந்த பச்சையை எடுத்துத் தலைக்கு வைத்துவிட்டேன். டீச்சர் பக்கத்தில் வந்து மண்டி போட்டு, "மாற்றலாமா?" என்று கேட்டுவிட்டு வெள்ளையை வைத்தார். அதற்கு முன் முப்பது வருஷம் ஒரு கிண்டர்கார்டனில் வேலை பார்த்தவராம். அங்கே கூட வேலை செய்த, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரி அம்மா ஒருவர், தலை வைக்கிற பொருளில் உட்காரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தாராம். தலை அவர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

"எங்க வீட்லயும் தலையணை மேல உட்கார விட மாட்டாங்க" என்றேன். இது மட்டும் பொய்யில்லை.

"ஏன்? என்ன காரணம் சொல்வார்கள்?"

"உட்கார்ற இடத்துல கட்டி வரும்னு சொல்லுவாங்க."

டீச்சர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கும் அடக்க முடியவில்லை. இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் கழித்து, வெளியாள் ஒருவரோடு வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, "இதை எழுதிக்கொள்ளலாமா?" என்றார். கட்டி வருகிற விஷயத்துக்கும் அனுமதி.

என் பேர் எழிலரசி. துணிக்கடையில் என்னை 'எல்லி' ஆக்கிவிட்டிருந்தார்கள். நானும் எல்லியாகவே ஒன்பது வருஷம் நின்றேன். டீச்சர் அதற்குச் சம்மதிக்கவில்லை. "உங்கள் அம்மா எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார். எழில் என்றேன். அன்று ஆரம்பித்தார். எரில். எஸில். எலில். ஒவ்வொரு வகுப்பிலும் வாசலில் நின்று, நாக்கை மடித்து ஒருமுறை சொல்லிப் பார்த்து, "சரியா?" என்று கேட்பார். இல்லை என்றால் இன்னொரு தடவை. பின்னால் வருகிற பாட்டிமார் மழையில் நனைந்துகொண்டு காத்திருப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். விட்டுவிடுங்கள், எப்படிச் சொன்னாலும் திரும்புவேன் என்றேன். "நீங்கள் திரும்புவீர்கள், அது தெரியும்" என்றார்.

வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷம் சவாசனம். பிணம் மாதிரிப் படுப்பதற்கு ஒரு பேர் வைத்து, அதற்குக் கம்பளியும் கொடுப்பார்கள். கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது டீச்சர் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் வந்து உட்கார்ந்து, காதருகில் "தொடலாமா?" என்பார். சரி என்றால் இரண்டு தோளையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார். எல்லாருக்கும் ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி. போன வாரம் சரி என்றது இந்த வாரத்துக்குச் செல்லாது.

நம் பக்கம் கேட்டுக் கேட்டுச் செய்கிறவர்கள் அந்நியர்கள். சொந்தக்காரர்கள் கேட்க மாட்டார்கள், வந்து உலுக்கி எழுப்புவார்கள். அதனால் முதலில் அந்தக் கேள்வி எனக்கு என்னவோ போலிருந்தது. இதையெல்லாமா கேட்பது? தலையை மட்டும் ஆட்டினேன். கை தோளில் பட்டதும் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. கடைசியாக இன்னொரு மனுஷக் கை என் மேல் பட்டது எப்போது என்று யோசித்தேன். எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. டீச்சர் கம்பளியை இழுத்து விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் தனியாக இருந்தபோது சொன்னார்: "நீங்கள் எப்போதும் சரி என்றே சொல்கிறீர்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம், தெரியுமா? நான் கேட்பதே அதற்காகத்தான்." நான் அதற்கும் சரி என்றேன்.

இவ்வளவு எழுதிவிட்டு, நான் செய்ததை எழுதாமல் விடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள். வந்ததும் போனை எடுத்துக்கொண்டு சோபாவின் மூலையில் சுருண்டுவிடுவாள். நான் தமிழில் ஒரு கேள்வி கேட்டால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை வரும். காலேஜ் எப்படி? குட். சாப்பாடு? யெஸ். கோழிக்குழம்பு இறங்கியதும் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு ஞாயிறு பேச்சுக்கு ஏதுமில்லாமல், டீச்சர் என் பேரைச் சொல்லப் பாடுபடுவதை நடித்துக் காட்டினேன். எரில், எஸில், எலில் என்று நாக்கை மடித்தேன். மகள் போனைக் கீழே வைத்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "டூ இட் அகெய்ன், அம்மா" என்றாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு, டீச்சர் கண்ணை மூடி நமஸ்தே சொல்வது. அதற்கடுத்த ஞாயிறு, நாயிடம் அனுமதி கேட்பது. பிறகு குஷன். பிறகு, மூக்கைச் சிந்துவதற்குக்கூடக் கேட்பார் என்று நானாகச் சேர்த்துக்கொண்ட ஒன்று. வாரம் முழுக்க அந்தம்மாவைக் கூர்ந்து பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்குச் சரக்குச் சேர்த்தேன். மகள் சாப்பிட்ட தட்டோடு மேஜையிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் இரண்டு மணி நேரம் இருந்தாள். சிரித்துக்கொண்டே என் பேரை அவளும் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை, எளில் என்றாள். அதைக் கேட்டு நான் மட்டும் சிரிக்கவில்லை.

நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அந்தக் கை தோளில் பட்டதை மகளிடம் சொல்லவில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிறு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போனை நீட்டினாள். "அம்மா, ரீட் திஸ்." மாசி ஆட்களுக்கென்று இருக்கிற பேஸ்புக் பக்கத்தில் நீளமாக எழுதியிருந்தாள். நம் கூடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பணம் வாங்கிக்கொண்டு ஊரையே நமஸ்தே சொல்ல வைக்கிறாள், வாயில் நுழையாத பேருள்ள ஓர் அம்மாவை முன்னால் உட்கார வைத்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டச் சொல்கிறாள், ஒரு கலாசாரத்தையே எடுத்துக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாள். டீச்சர் பேர் இல்லை, என் பேர் இல்லை. தேவையும் இல்லை. கலர் சாக்ஸ் இருந்தது, இரண்டு வகைக் குஷன் இருந்தது. "தோளைத் தொடுவதற்கு அனுமதி கேட்கிறாராம், யோகாவை எடுத்துக்கொள்வதற்கு யாரிடம் கேட்டார்?" என்று ஒரு வரி. தோளைத் தொடுவது என் வாயிலிருந்து வரவில்லை. கூடத்தின் நோட்டீஸிலேயே அது இருந்தது, அதைப் பார்த்திருக்கிறாள்.

கீழே இன்னொன்று இருந்தது. பிரைமரி ஸ்கூலில் சாம்பார் சாதத்தைத் திறந்தபோது பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டானாம். அன்றிலிருந்து டப்பாவைக் குப்பையில் கொட்டிவிட்டு, சாப்பிட்டேன் என்று வீட்டில் பொய் சொல்லியிருக்கிறாள். "அன்று எங்கள் சாப்பாடு நாறியது, இன்று எங்கள் ஓம் மட்டும் மணக்கிறதா?" என்று முடித்திருந்தாள்.

தினமும் காலியாக வந்த அந்த டப்பாவைக் கழுவும்போது எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவள் எழுதியதில் பாதி நியாயம். நியாயமான அந்தப் பாதியை என்னிடம் சொல்லாமல் ஊரிடம் சொல்லியிருக்கிறாள். மீதிப் பாதிக்கு, குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சரக்குக் கொடுத்திருக்கிறேன்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஓவியம் வரைந்து காட்டிவிட்டு நிற்பாளே, அதே பார்வை.

"நல்லா எழுதியிருக்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். போகாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் போனேன். சுவரில் எப்போதும் தொங்குகிற ஓம் துணி இல்லை. வெள்ளைப் பலகையில் 'மெதுவான உடற்பயிற்சி' என்று எழுதியிருந்தது. ஆசனங்களுக்குப் பேர் சொல்லாமல், கையைத் தூக்குங்கள், காலை நீட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். பாட்டிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நமஸ்தே சொல்கிற நேரம் வந்தபோது டீச்சரின் கைகள் பாதி தூரம் மேலே வந்து நின்றன. என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்கு முன் சவாசனத்தில் வேறொன்று நடந்தது. வழக்கம்போல ஒவ்வொருவரிடமாக வந்தார். அண்ணனிடம் கேட்பது காதில் விழுந்தது. "ஓம், ஓம்" என்று அவர் ஊர் வழக்கில் சம்மதம் சொன்னார் அண்ணன். பிறகு என் பாய்க்குப் பக்கத்தில் காலடிச் சத்தம் நின்றது. கண்ணைக் கொஞ்சமாகத் திறந்தேன். ஒரு ஆரஞ்சு சாக்ஸ், ஒரு நீலம். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. நாயிடம்கூடக் கேட்கிறவர், என்னிடம் கேட்கவில்லை. சாக்ஸ் இரண்டும் நகர்ந்து போய்விட்டன.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"எழில்."

சரியாகச் சொன்னார். நாக்கு மடங்க வேண்டிய இடத்தில் மடங்கி, சுத்தமாக. எங்கள் அம்மா கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. அந்த வாரம் அவர் "சரியா?" என்று கேட்கவில்லை, சரி என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"ஒரு கேள்வி கேட்கலாமா?" என்றார். கண்ணாடியெல்லாம் மழைத்துளி. "அதை யார் எழுதினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எழுதியவர் கேட்டது நல்ல கேள்வி. அதை நான் முதல் நாளே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், தப்பாகச் செய்தேனா என்று மட்டும் கேட்டேன். செய்யலாமா என்று கேட்கவில்லை. இது உங்களுடையது, எழில். நான் நிறுத்திவிட வேண்டுமா? நீங்கள் என்ன சொன்னாலும் அதன்படி செய்கிறேன்."

வேண்டாம், நிறுத்தாதீர்கள். இரண்டு வார்த்தை. அவற்றைச் சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்ல வேண்டும். இது என்னுடையதில்லை, எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை, உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். உங்களைப் பார்த்துப் பார்த்து மகளுக்கு நடித்துக் காட்டியது நான். நீங்கள் நிறுத்திவிட்டால் என்னைத் தொட இந்த ஊரில் ஆளில்லை. எல்லாம் வரிசையாக நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"உங்க இஷ்டம், டீச்சர்" என்றேன்.

அவர் உடனே போகவில்லை. இன்னும் ஏதாவது வருமா என்று அங்கேயே மழையில் நின்றார். வேண்டாம் என்றும் சொல்லலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா, அதற்கான அவகாசத்தைக் கொடுத்துப் பார்த்தார். நான் கார் சாவியைத் தேடுகிற மாதிரிப் பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் கார் கிடையாது, நடந்துதான் வருவேன், அது அவருக்குத் தெரியும்.

"நன்றி" என்றார். போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கூடத்துக் கதவில் ஒரு காகிதம். வகுப்பு இனி இல்லை, இத்தனை நாள் வந்த எல்லாருக்கும் நன்றி. காரணம் எதுவும் எழுதவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். எங்கள் வீட்டு பெல் அடித்தது. யாழ்ப்பாணத்து அண்ணன் கையில் ஒரு துணிப்பையோடு நின்றார். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன்.

"டீச்சர் தெற்கே தமக்கையிட்டப் போயிட்டா. போகேக்கை எல்லாருக்கும் ஒவ்வொண்டு குடுத்துவிட்டவா. இது உம்மட."

பூப்போட்ட வெள்ளைக் குஷன். ஓரத்தில் ஊசியால் குத்திய ஒரு சின்ன அட்டை. 'எழில், இதை உங்களிடம் விட்டுப்போகலாமா?' என்று எழுதி, கீழே கையெழுத்து. போன் நம்பரோ விலாசமோ இல்லை.

"ஆர் எழுதினதோ தெரியேல்லை" என்றார் அண்ணன். வகுப்பில் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர், கோப்பையை ஆட்டியபடி பேசினார். "கலாசாரமாம். தங்கச்சி, அந்த மனிசி தோளில கை வைக்கிறதுக்கு முதல் கேக்கிறவா. எங்களை ஆர் கேட்டுத் தொட்டவை? செக்பொயின்ரில கேட்டவங்களோ? இஞ்ச வந்து இறங்கேக்கை கேட்டவையோ? அறுபத்தெட்டு வயசில, அந்தக் கூடத்தில படுத்துக் கிடக்கேக்கைதான் முதன்முதலாய் ஒராள் என்னைக் கேட்டது. வேண்டாம் எண்டு சொன்னால் அப்பிடியே விட்டுட்டுப் போவா. நான் முதல் மூண்டு மாசம் வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."

அண்ணனால் வேண்டாம் என்று சொல்ல முடிந்திருக்கிறது. எனக்குத் தலை நிமிரவில்லை.

"என்ர மனிசியும் செத்துப்போச்சு. செவ்வாய்க்கிழமை எண்டால் முகத்தைச் சேவ் எடுத்துப்போட்டு வெளிக்கிடுவன். இனி எங்க போறது, சொல்லும்?" கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் திரும்பி, "நீர் கதைச்சிருக்கலாம் தங்கச்சி. உம்மட சொல்லை அவ கேட்டிருப்பா" என்றார். திட்டவில்லை, சும்மாதான் சொன்னார். அது என் மகள் எழுதியது என்று நான் கடைசி வரை சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மகள் வந்து, சோபாவில் கிடந்த வெள்ளைக் குஷனை எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் உட்காரப் போனாள்.

"அதுமேல உக்காராத!"

நான் போட்ட சத்தத்தில் அவள் பாதியில் நின்றாள். "வொய்? இஸ் இட் எ சாமி திங்?"

"தலைக்கு வைக்கிறது. உக்காரக் கூடாது."

"நம்ம வழக்கமா, அவங்க வழக்கமா?" இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

குஷனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் சொன்ன பொய், யூட்யூப், தோளில் பட்ட கை, கார் நிறுத்துமிடம், எதையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"நீ ஒவ்வொரு வாரமும் கிண்டல்தானே பண்ணுன? உனக்கு அவங்களப் பிடிக்கும்னு ஒரு தடவகூடச் சொல்லலியே அம்மா."

"நீ சிரிச்ச. போன கீழ வச்ச. அதுக்காகத்தான் பண்ணுனேன்."

அவள் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள், உனக்காகத்தான் எழுதினேன் என்று. உன் பேரைச் சொல்லத் தெரியாத ஒருத்தி உன்னை வைத்துப் பிழைக்கிறாள் என்று நினைத்தேன், உனக்காகக் கோபம் வந்தது. என் மகள் எனக்காகக் கோபப்பட்டதும் எனக்கு அன்றுதான் தெரியும். போனை எடுத்து எழுதியதை அழித்தாள். அழித்துவிட்டேன் என்று திருப்பிக் காட்டினாள். டீச்சர் நம்பர் இருக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். இருவரும் சாப்பிட்டோம். அன்றைக்கு நடித்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

அந்தக் கூடத்தில் இப்போது வேறு எதற்கோ பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். செவ்வாயும் வியாழனும் பத்து மணிக்கு நான் வீட்டு ஹாலில் பாயை விரித்து யூட்யூபைப் போடுகிறேன். அமெரிக்காப் பெண் எதையும் கேட்பதில்லை, கையைத் தூக்கு, காலை நீட்டு, மூச்சை விடு, கட்டளைதான். கடைசியில் படுக்கச் சொல்வாள். வெள்ளைக் குஷனைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த இடம் வந்ததும் என் தோள்கள் இரண்டும் தாமாகவே கொஞ்சம் இறங்கிக் காத்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை வெளியே நல்ல மழை. படுத்திருந்தவள் வாயைத் திறந்து, யாருமில்லாத வீட்டில், கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறவருக்குக் கேட்கிற அளவு சத்தமாகவே சொன்னேன்.

"வேண்டாம் டீச்சர். நிறுத்தாதீங்க."